கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினேன்

நான் தூங்கவில்லை என்றுதான் முதலில் எல்லாரிடமும் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது பொய்யல்ல.

எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போகும் சாலை. மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி மதியம். இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் முளைவிட்டு, கரிசல் ஈரத்தில் இன்னும் கறுத்துக் கிடந்தது. சாலை நேராக, வெறிச்சென்று நீண்டு போயிற்று. ஒரே ஒரு வித்தியாசம், நான் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸின் சத்தம் கேட்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரத்தில் புஞ்சைக்காட்டின் மேல் மெல்லிசாகத் தண்ணீர் பரவியிருந்தது. அதில் மேகம் கிடந்தது. பஸ் அந்தத் தண்ணீரின் மேல் அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. குளத்தூர்ப் பக்கத்து உப்பளத்தில் இப்படித்தான் தண்ணீர் நிற்கும், ஊர் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். குளத்தூர் வெகுதூரம் என்பது நினைவுக்கே வரவில்லை. அப்படி ஒரு நிம்மதி.

"அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கண்டக்டர் மாடசாமி அலறினான்.

வேலிக்காத்தான் முள் கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. ஸ்டியரிங் என் நெஞ்சில் இடித்தது. பிறகுதான் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

பஸ் சாலையை விட்டு இடது பக்கம் இறங்கி, முள்ளை முறித்துக்கொண்டு, ஒரு மிளகாய்ப் புஞ்சைக்குள் அச்சு வரை புதைந்து நின்றது. சாய்ந்ததே தவிரக் கவிழவில்லை. மழை பெய்து மண் களியாக இருந்ததால் சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதே இடம் சித்திரையில் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் முன்னால் ஒரு பாலம் இருக்கிறது. அதை நான் இப்போதும் யோசிப்பதில்லை.

என் பெயர் சண்முகையா. விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்ன ஊர். மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு, அதை என் மனைவி பேச்சியம்மாள் பார்த்துக்கொள்கிறாள். நான் கோவில்பட்டியிலிருந்து குளத்தூர் வரை போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். வாலிபத்தில் பிடித்த ஸ்டியரிங். அன்றைக்கு வரை ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

என்னை வெளியே இழுத்துப் போட்டதும் முதலில் ஒருவர் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். "வாடை இல்லப்பா," என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். "அப்ப செல்லுல பேசியிருப்பான்," என்றார் இன்னொருவர். என் செல்போன் மாடசாமியின் பைக்குள் இருந்தது. அவன் அதை எடுத்துத் தூக்கிக் காட்டினான். வாடையும் இல்லை, செல்போனும் இல்லை என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை மாறிப் போயிற்று. என்ன காரணம் என்று தெரியாத பயம் அது. எனக்கும் அதே பயம்தான்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சாராயம் எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் விலா எலும்பு சில விரிசல் விட்டிருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ந்த பசையை வயிற்றில் தடவி ஒரு கட்டையை வைத்து உருட்டுவார்கள், வலிக்காது. கசிவு இல்லை. காலுக்குக் கட்டுப் போட்டார்கள். விலாவுக்குக் கட்டுப் போட முடியாதாம், அது தானாகத்தான் கூட வேண்டும். அதுவரை மூச்சை நன்றாக இழுத்து விட வேண்டும், வலிக்கிறதென்று மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி கட்டிக்கொள்ளும் என்றார்கள். அதற்கு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏறும். சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. என்னால் ஒரு பந்தைத்தான் ஏற்ற முடிந்தது.

என்னைத் தவிர ஏழெட்டுப் பேருக்குச் சிராய்ப்பும் வீக்கமும். மருந்து போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு அம்மாவுக்கு மட்டும் வலது மணிக்கட்டு முறிந்து, பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். பெயர் ராமலக்கா, ஊர் விளாத்திகுளத்துக்கு இந்தப் பக்கம் என்று மாடசாமி சொன்னான். வாரத்தில் இரண்டு மூன்று தடவை நம் பஸ்ஸில் வருகிறவர்தான், முன்னால் ஜன்னலோரம் உட்காருவார் என்றான். எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. கண்ணாடியில் நான் பார்ப்பது பின்னால் வரும் வண்டியைத்தான், ஏறினவர்களை அல்ல.

வார்டில் பகல்கள் ஒன்றோடொன்று கலந்து போயின. வலி மாத்திரை கொடுப்பார்கள், கண் சொருகும். விசிறி சுற்றுவது டயர் சுற்றுவது மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எங்கோ மதுரைப் பக்கம் போகிற ரயில் ஊதும். அந்தச் சத்தம் கனவுக்குள் வந்து என் பஸ்ஸின் ஹாரனாகிவிடும். நான் கட்டிலில் படுத்தபடியே வலது காலை அழுத்துவேன், பிரேக் பிடிக்காது. திடுக்கிட்டு விழித்தால் பேச்சியம்மாள் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இங்கனதான் இருக்கீங்க. ஆஸ்பத்திரியில இருக்கீங்க," என்பாள். அவளுக்கு அப்போது காட்டில் களையெடுப்பு. அதை அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகள் கற்பகம் தினமும் காலேஜ் முடிந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து, தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் வைத்துவிட்டுப் போவாள். விபத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மீசையை மட்டும் சீப்பு வைத்துச் சீவிவிடுவாள்.

பக்கத்துக் கட்டில்காரர் என் குறட்டை தாங்காமல் வேறு கட்டில் கேட்டுப் போய்விட்டார். அதில் எனக்கு வெட்கம். பேச்சியம்மாள் சிரித்தாள். "நான் எங்கிட்டுப் போக, சொல்லுங்க," என்றாள்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. நடந்ததை நான் பார்க்கவில்லை, பேச்சியம்மாள் சொல்லித்தான் தெரியும். ஸ்டெல்லா என்று ஒரு சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்து ஊர்க்காரர். ஊசி போட வந்தவர் போடாமல் என் கட்டிலருகே நின்றுவிட்டாராம்.

"இவிய எப்பவும் இப்படித்தான் தூங்குவாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"குறட்டை விடுவாக சிஸ்டர். என்ன செய்ய."

"குறட்டையச் சொல்லலம்மா. நிக்குது பாருங்க. மூச்சு நிக்குது."

பேச்சியம்மாள் சொன்னாளாம், "அது அப்படித்தான் நிக்கும் சிஸ்டர். பொறவு தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்ச மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாக. ரொம்ப நேரம் ஆச்சின்னா நான் தோளுல தட்டுவேன்."

"எத்தனை நாளா தட்டுதீங்க?"

"வருசக்கணக்கா."

சிஸ்டர் என் விரலில் துணி கிளிப் மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி அது. நோயில்லாத மனிதருக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டும். நான் விழித்திருக்கும்போதெல்லாம் சரியாகத்தான் காட்டியிருந்தது. தூங்கும்போது யாரும் மாட்டிப் பார்த்ததில்லை. மூச்சு நின்றதும் அந்த எண் படி இறங்குகிற மாதிரி இறங்கி எண்பதுக்கும் கீழே போயிற்றாம். நான் ஒரு இழுப்பு இழுத்ததும் மறுபடி ஏறிற்றாம். திரும்பவும் இறங்கிற்றாம். பேச்சியம்மாள் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். என்னை எழுப்பியது அவள் அழுகைதான்.

"ஏட்டி, எதுக்கு அழுத?" என்றேன்.

"நீங்க தூங்குதீங்கன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். "இத்தனை வருசமும் தூங்கவே இல்லியாம் நீங்க."

மறுநாள் நெஞ்சு நோய் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். காலையில் எழுந்ததும் தலை கனக்குமா, வாய் வறளுமா, ராத்திரி ஒன்றுக்குப் போக அடிக்கடி எழுவீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஒரு நாடாவை எடுத்து என் கழுத்தை அளந்தார். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தூங்கும்போது உடம்பு தளரும்ல, தொண்டைச் சதையும் தளரும்," என்றார். "கழுத்து தடிச்சவங்களுக்கு அந்தச் சதை உள்பக்கமா அமுங்கி மூச்சுக்குழாய அடைச்சிரும். காத்து போகாது. மூளை பயந்துபோய் உங்கள எழுப்பும். மூச்சு விட்டதும் திரும்பத் தூங்கிருவீங்க. எழுந்தது உங்களுக்கே தெரியாது. ராத்திரி பூரா இதே வேலை. விடிஞ்சதும் தூங்கி எந்திரிச்சதா நினைச்சு வண்டியை எடுக்குறீங்க. உடம்பு தூங்கவே இல்லை."

"ஆனா நான் அன்னைக்குத் தூங்கலம்மா. ரோட்டப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

"ரோடு எப்படி இருந்துச்சு?"

நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். சத்தமில்லாமல் போனதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. பைத்தியம் என்பார்கள் என்று பயந்திருந்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதுதான் தூக்கம்," என்றார். "சில வினாடி வரும், போயிரும். கண்ணு திறந்தே இருக்கும். கை ஸ்டியரிங்லயே இருக்கும். மூளை மட்டும் கனவுக்குள்ள போயிரும். கனவுலயும் நீங்க பஸ்தான் ஓட்டியிருக்கீங்க."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தண்ணீர் எனக்குப் புதிது இல்லை. அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். சாலையோரப் புளியமரங்கள் ஆட்கள் மாதிரி ஒதுங்கி வழிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊரைத் தாண்டினோம் என்று தெரியாமல் அடுத்த ஸ்டாப்பில் நின்றிருக்கிறேன். வெயில் அசதி என்று நினைத்து முகம் கழுவிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

விபத்து நடந்த வாரம் எப்படிப் போனது என்று அவர் விசாரித்தார். எங்களுக்கு ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. டூட்டி நாளில் விடியுமுன் வண்டி எடுத்தால் கடைசி டிரிப் முடித்து ஷெட்டில் விடும்போது ஊர் அடங்கியிருக்கும். இன்னொரு டிரைவர் காய்ச்சலில் படுத்ததால் என் ஓய்வு நாளிலும் நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை மூக்கொழுகலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தேன். மதியம் பசியில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். முன்னால் போன பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் வழியில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை.

"அந்தச் சளி மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், தெரியுமா?" என்றார்.

"தெரியாதும்மா. மருந்துக்கடையில கேக்கவும் இல்ல."

"நோய் ஒண்ணு. ஓய்வில்லாம ஓட்டுனது ஒண்ணு. மாத்திரை, மதியச் சாப்பாடு, அவசரம். ஒவ்வொண்ணையும் தனித்தனியா உங்க உடம்பு சமாளிச்சிருக்கும். அன்னைக்கு எல்லாம் ஒண்ணா வந்திருக்கு."

இவை எல்லாம் டிரைவர் எவனுக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒன்றாக வருகிறவைதான் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ராமலக்கா என்னைப் பார்க்க வந்தது அதற்கு மறுநாள். நான்தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். காலைச் சாக்காக வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தொட்ட வயது, கறுத்து மெலிந்த உடம்பு, கழுத்தில் தொங்கும் துணியில் மாவுக்கட்டுப் போட்ட கை. நேராகக் கட்டிலருகே வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் டிரைவரா?"

"ஆமாம்மா."

பேச்சியம்மாள் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"தூங்கிட்டியாமே," என்றார்.

"ஆமாம்மா. தூங்கிட்டேன்." அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நானுந்தான் தூங்குனேன். ஒன் பஸ்ஸுல ஏறுனா எனக்குக் கண்ணு தானாச் சொருகிரும். காட்டு வேலை, வீட்டு வேலை, எங்கயும் ஒக்கார நேரமில்ல. பஸ்ஸுலதான் தூக்கம்." தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "நீ முழிச்சிருக்கேன்னுதான்யா நான் தூங்குனேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். விலா வலித்தது. அழுதால் விலா எவ்வளவு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பேச்சியம்மாள்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு நிற்பது, விரல் கருவி, சிவப்பு எண், டாக்டரம்மா சொன்னது. ராமலக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "எனக்கு மொளகாச் செடிக்குக் களை வெட்டணும். வலது கை," என்றார். பிறகு, "இதே சீக்கோட இன்னும் எத்தனை டிரைவரு ஓட்டிக்கிட்டிருக்கானோ," என்று தனக்குத் தானே பேசுகிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போனார். பேச்சியம்மாள் பின்னாலேயே போய் வாசல் வரை விட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவின் புஞ்சையில் களை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதை எனக்குப் பிற்பாடு கற்பகம்தான் சொன்னாள்.

கால் கொஞ்சம் தேறியதும் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள், தூக்கச் சோதனைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தூங்குவதுதான் சோதனை. தலையிலும் நெஞ்சிலும் கண்ணோரத்திலும் ஒயர் ஒட்டி, மூக்கின் கீழே ஒரு குழாய் வைத்து, தூங்கச் சொல்லுவார்கள். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு எவன் தூங்குவான் என்று நினைத்தேன். நினைத்து முடிக்குமுன் தூங்கிவிட்டேன்.

காலையில் கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டினார்கள். மூச்சுக்கான கோடு மலையும் பள்ளமுமாக ஓடி, திடீரென்று தட்டையாகிக் கிடந்தது. மலைச்சாலையை விட்டுவிட்டு நம் விளாத்திகுளம் சாலைக்கு வந்த மாதிரி. அந்தத் தட்டையான இடமெல்லாம் நான் மூச்சு விடாத நேரம். திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருப்பவனின் கோடு போலத் தெரியவில்லை. பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடிந்தது, என்னால் முடியவில்லை.

இதற்கு மருந்து என்றால் காற்றுதான். ஒரு சின்ன எந்திரம், ஒரு குழாய், மூக்கில் மாட்டும் ரப்பர் மூடி. அது காற்றை லேசான அழுத்தத்தோடு உள்ளே தள்ளும். தொண்டைச் சதை அமுங்காமல் அந்தக் காற்று தாங்கிப் பிடிக்கும். உடம்பு இளைத்தால் தேவை குறையலாம், அதுவரை தினமும் மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். பகலிலேயே மாட்டிப் பழகச் சொன்னார்கள். முதல் தடவை பிடுங்கிப் போட்டுவிட்டேன். யாரோ முகத்தை அமுக்குகிற மாதிரி இருந்தது. "பஸ் ஜன்னல்ல மூஞ்சிய நீட்டுத மாதிரி நெனச்சுக்கிடுங்க," என்றாள் கற்பகம். அப்படி நினைத்ததும் பழகிப்போயிற்று. எங்கள் பக்கம் அடிக்கடி கரண்டு போகும், அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். "அப்ப நான் இருக்கேன்ல, தட்டி எழுப்புதேன்," என்றாள் பேச்சியம்மாள். எந்திரத்துக்கும் மற்ற செலவுக்கும் மச்சினனும் பஸ் முதலாளியும் கைகொடுத்தார்கள். அவர்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

முதல் ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கி விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். தலை லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பயமாக இருந்தது, ஏதோ கழன்று போன மாதிரி. பேச்சியம்மாள் தரையில் பாய் விரித்து, வாய் திறந்து, செத்தவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் அத்தனை வருடமும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுப்பவில்லை. வேப்பமரத்தில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதன் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உலகம் இவ்வளவு கூராக இருக்கும் என்பதை மறந்து வருடங்கள் ஆகியிருந்தன.

என் மேல் வழக்கு நடக்கிறது. நோய் இருந்தது என்பதால் ராமலக்காவின் கை முறியாமல் போய்விடாது, அதை நான் அறிவேன். லைசென்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. டாக்டரம்மாவும் எந்திரத்தில் பதிவாகும் தூக்கக் கணக்கைப் பார்த்து, நான் பகலில் கண் சொருகாமல் இருக்கிறேன் என்று உறுதியான பிறகுதான் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுப்பேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறேன். காட்டில் பேச்சியம்மாளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன்.

போன மாதம் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு கோவில்பட்டியிலிருந்து வேறு ஒரு கம்பெனி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம். முன் இருக்கை. ஓட்டியவர் பால்ச்சாமி அண்ணாச்சி. என்னைவிட மூத்தவர், நான் தொழிலுக்கு வந்தபோதே பெயர் வாங்கியவர். எட்டயபுரம் தாண்டியதும் அவர் தன் காது மடலைக் கிள்ளினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜன்னல் கண்ணாடியை இன்னும் தள்ளினார். பிடரியில் தட்டிக்கொண்டார். பஸ் சாலையோர வெள்ளைக் கோட்டை மெல்லத் தொட்டு, வெடுக்கென்று திரும்பி வந்தது. மற்றவர்கள் குழி என்று நினைத்திருப்பார்கள். அங்கே குழி இல்லை.

நான் எழுந்து போய் அவர் பக்கத்து எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, ரோடு எப்படித் தெரியுது?"

"என்னவே கேள்வி இது. ரோடு ரோடாத்தான் தெரியுது."

"நேத்தும் டூட்டியா?"

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "நேத்தும், முந்தாநாளும்," என்றார்.

"ஓரங்கட்டுங்க அண்ணாச்சி. கொஞ்சம் கண்ண மூடிட்டு எடுங்க."

"டைம் போயிரும்டே. பின்னால வாரவன் ஆளு ஏத்திருவான். நீ போய் ஒக்காரு."

"ஏத்தட்டும்," என்றேன். "நான் பஸ்ஸக் காட்டுக்குள்ள விட்டது இந்த ரோட்டுலதான், உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு எனக்கும் ரோடு ரோடாத்தான் தெரிஞ்சிச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்து, ஓரத்தில் தண்ணீர் கோத்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு இண்டிகேட்டரைப் போட்டு ஒரு வேப்பமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்.

"என்னப்பா, பிரேக்டவுனா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். ஒரு பையோடு எழுந்த இன்னொருவர், தனக்கு விளாத்திகுளத்தில் ஆபீஸ் மூடிவிடும் என்று கண்டக்டரிடம் சத்தம் போட்டார். நான் எழுந்து நின்று எல்லாரும் கேட்கும்படி சொன்னேன், டிரைவருக்குத் தூக்கம் வருகிறது, கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. சத்தம் போட்டவர் சாலையைப் பார்த்தார், கையில் இருந்த தன் பையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

மடியில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண் நீள இருக்கையைக் காலி செய்து கொடுத்தாள். பால்ச்சாமி அண்ணாச்சி கூச்சத்தோடு அதில் சாய்ந்தார். துண்டை முகத்தில் போடுமுன் தூங்கிப் போனார்.

ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்புச் சத்தம் வராமல் இறங்கி மரநிழலில் நின்றார்கள். யாரோ செல்போன் பாட்டை அணைத்தார்கள். காற்றில் சோளத்தட்டை உரசும் சத்தம் மட்டும். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரனை இரண்டு பேர் கையை ஆட்டி, வாயில் விரல் வைத்துக் காட்டினார்கள். அவன் என்னமோ ஏதோ என்று வண்டியை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டே எங்களைக் கடந்து போனான். நான் படியில் உட்கார்ந்து பால்ச்சாமி அண்ணாச்சியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குறட்டை இல்லை. போயிற்று, வந்தது. எங்கும் நிற்கவில்லை. என் நோய் அவருக்கு இல்லை, வெறும் அசதிதான்.

பின்னால் வந்த பஸ் எங்களைக் கடந்து போயிற்று. ஒருவரும் அதைக் கை காட்டி நிறுத்தவில்லை.

விழித்ததும் அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். இருக்கைகள் எல்லாம் காலியாக இருப்பதைப் பார்த்து முகம் வெளுத்துப் போயிற்று. "ஆளுக எங்கவே? எல்லாரும் எங்க?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்தப் பிள்ளைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இங்கனதான் அண்ணாச்சி நிக்கோம்," என்றாள். "நீங்க மொகத்தக் கழுவிட்டு வாங்க."